அம்மாவின் கையால் ஒரு செடி

என் வயசுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்கிறேன். இளசுகளிடம் சொன்னால் "ஓகே லா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொள்ளும். போன மாதம் நம் பழைய தோட்டத்துப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி படம் போட்டிருந்தாளே, பார்த்தீர்களா? பத்து பெரண்டாம் ஊரில் அவள் மகள் வீட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரமாகத் தானே முளைத்த செடி. "இது என்ன பூ, யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டிருந்தாள். ஒருவர் கீரை என்றார். ஒருவர் களை, பிடுங்கிப் போடு என்றார். இன்னொருவர் எங்கேயோ தேடி, நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு பெயரைப் போட்டார். நான் செங் ஊரில் என் வீட்டு அடுப்படியில் நின்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைக்க அரை மணி நேரம் ஆனது.

எங்கள் லயத்தில் அதற்கு மூணு மணிப் பூ என்று பெயர். அந்திமந்தாரை என்று நினைத்துவிடாதீர்கள். அது குட்டையாக, புதர் மாதிரி அடைந்து கிடக்கும். இது நெட்டை. அடியில் வழவழவென்று கொஞ்சம் இலை. அதற்கு மேல் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு தண்டு. தண்டிலிருந்து நூல் நூலாகக் கிளை பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் அரிசி அளவுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு பூ. செடிக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் கொடியில் காயும் சட்டைக்குப் பித்தான் இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லிவிடலாம், அவ்வளவு காற்றோட்டம். காலையில் பார்த்தால் வெறும் குச்சி என்று தோன்றும். மத்தியானம் மூன்று மணி வாக்கில் அத்தனையும் ஒரேயடியாகத் திறக்கும், பொழுது சாய்வதற்குள் மூடிக்கொள்ளும். பூ போன இடத்தில் மிளகைவிடச் சின்னதாகச் செம்மணி நிற்கும். கிழங்கு ஒரு தடவை மண்ணில் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் போகாது. மேலே வெட்டி எறிந்தாலும் கீழேயிருந்து திரும்பவும் கிளம்பும்.

அப்பேர்ப்பட்ட செடி எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கருகிக்கொண்டே இருந்தது. அந்தக் கதைதான் இது.

எனக்கு அப்போது பத்து வயசு. ரப்பர் தோட்டம். லயத்தில் எங்களுடையது கோடி வீடு. அப்பாவுக்குப் பால் வெட்டு. அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை, அதாவது மரங்களுக்கு நடுவே முளைக்கும் புல்லுக்கு மருந்து அடிப்பது. முதுகில் தொட்டி மாதிரி மருந்துத் தோம்பு, ஒரு கையில் பம்புப் பிடி, இன்னொரு கையில் குழாய். முழுக்கைச் சட்டை போட்டு, தலையிலும் மூக்கிலும் ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு போவார். கையுறை கிடையாது. விடிவதற்கு முன்னால் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனால் மத்தியானம்தான் வருவார். வந்தவுடன் வீட்டுக்குள் நுழைய மாட்டார். பக்கத்துக் குழாயடியிலேயே சட்டையையும் தலைத்துணியையும் பச்சை வாளியில் முக்கி அலசுவார். நான் ஓடினால், "வராத, வராத, மேலெல்லாம் மருந்து. குளிச்சிட்டு வந்து தூக்குறேன்" என்பார். பத்து வயசுப் பெண்ணை எதற்குத் தூக்க வேண்டும்? ஆனாலும் தூக்குவார். நானும் வெட்கமில்லாமல் ஏறிக்கொள்வேன்.

அம்மாவுக்குச் செடி என்றால் உயிர். காலையெல்லாம் பச்சையைச் சாகடித்துவிட்டு, மத்தியானம் வந்து பச்சையை நட்டுக்கொண்டிருப்பார். ஒன்றும் தங்காது. செம்பருத்தி வைத்தார், கருகியது. மல்லி வைத்தார், கருகியது. துளசி மூன்று முறை. துளசி கருகியதும் லயத்தில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. உங்களுக்குத் தெரியாதா நம் சனங்களை? "அந்தம்மாவுக்குக் கைராசி இல்ல. மருந்தடிக்கிற கையில்ல? தொட்டதெல்லாம் கருகுது." சும்மா பேச்சோடு போனால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கறிவேப்பிலை மரம் இருந்தது. யார் வேண்டுமானாலும் ஒடித்துக்கொள்ளலாம். அம்மா போனால் மட்டும் அந்த அக்கா ஓடி வந்து, "நீங்க நில்லுங்கக்கா, நான் ஒடிச்சித் தரேன்" என்பார். மரியாதை மாதிரிதான் இருக்கும். அம்மாவும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து அந்த இலையை உருவும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, எனக்கு ஆத்திரமாக வரும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். சித்தி விஷயம் அப்படியில்லை.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், சித்திக்குத் தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் பண்ணிக் கொடுத்ததெல்லாம் அம்மாதான். மூன்று லயம் தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பாவுக்குத் தோட்டத்து லோரி ஓட்டும் வேலை. சித்திக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய்விட்டது. மூன்றாவது தங்கியது. நாலாம் மாசம் வந்ததும் வளைகாப்புப் பேச்சு எழுந்தது. ஏழாம் மாசத்தில் வைப்பதாக முடிவு. முதல் வளையல் யார் போடுவது? பெற்றவள் இடத்தில் இருக்கிற அக்காதானே போட வேண்டும்? குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது சித்தியின் மாமியார் சொல்லிவிட்டார், வேலை மேற்பார்க்கும் மண்டோரின் சம்சாரம் போடட்டும் என்று.

அம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டார். "ஏன் அத்தை? நான் இருக்கேனே" என்றார்.

"ஒன்ன யாரும்மா வேணாம்னா? நீ வா, சாப்புடு, முன்னால நில்லு. மொத கை மட்டும் வேணாம். ரெண்டு போயிருச்சும்மா. நீ வெச்ச துளசியே நிக்கல. எனக்குப் பயமா இருக்கு."

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. அதை இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லியிருக்க மாட்டேன். அப்போது எனக்கு வந்த கோபத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நடுவில் புகுந்து, "எங்கம்மா கையால நட்ட செடி பூத்துச்சின்னா?" என்று கேட்டுவிட்டேன்.

குழாயடியே சிரித்தது. சித்தியின் மாமியாரும் சிரித்துவிட்டார். "பூக்கட்டும்டி வாயாடி. வளைகாப்புக்குள்ள ஒரு செடி பூத்துட்டா மொத வளையல் உங்கம்மாதான். போதுமா?"

"போதும்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். பெரியவர்கள் பேச்சில் புகுந்ததற்காக. வைத்துவிட்டு அவரே தடவியும் கொடுத்தார்.

செடிக்கு எங்கே போவது? வாரத்துக்கு இரண்டு முறை மோட்டார் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு ஒரு சீனர் காய்கறி விற்க வருவார். அவர் பேசுவது பாதி மலாய், பாதி தமிழ். நான் போய் நின்று, "சாகாத செடி வேணும் அங்கிள்" என்றேன். அடுத்த முறை வரும்போது பழைய நாளிதழில் சுற்றிக் கட்டைவிரல் அளவில் மூன்று கிழங்கு கொண்டுவந்தார். "இத்து சாக மாட்டான் லா. சம்பாக் பூன் ஹீடோப்" என்றார். தூக்கி எறிந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளுமாம். கிழங்கைச் சூப்பில் போடலாம், இலையைப் பிரட்டலாம், பூவும் அழகு என்று கையால் நடித்துக் காட்டினார். காசு வாங்கவில்லை. ஒரு கொத்தவரங்காய்க் கட்டை அம்மா கூடுதலாக வாங்கிக்கொண்டார்.

அம்மா வாசலுக்கு முன்னாலிருந்த துண்டு நிலத்தில் மூன்றையும் நட்டார். நான் தொடவில்லை. அப்பாவையும் தொட விடவில்லை. நாளைக்கு யாரும் பேச்சு மாற்றக் கூடாதல்லவா? தண்ணீர் ஊற்றுவது மட்டும் என் வேலை. அது கடும் வெயில் காலம், குழாயில் காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் என்றுதான் தண்ணீர் விடுவார்கள். துணி அலசியதும் அம்மா பச்சை வாளியைக் காட்டி, "கீழ ஊத்தாத பாப்பா, செடிக்கு ஊத்து" என்பார். நான் குவளையில் மொண்டு, இலையெல்லாம் நனைகிற மாதிரி மேலேயிருந்து ஊற்றுவேன். மழை பெய்வது போல ஊற்றினால் செடிக்குப் பிடிக்கும் என்று எனக்கு நினைப்பு.

பத்து நாளில் துளிர் வந்தது. இரண்டு வாரத்தில் இலையில் காவி நிறத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அப்புறம் இலை முழுக்கச் சுருண்டது. மறுபடி துளிர்க்கும், மறுபடி சுருளும். அம்மா சுருண்ட இலைகளைப் பொறுக்கி எடுத்துப் போடுவார். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கண்ணேறு என்று முடிவு கட்டி, ஒரு குச்சி நட்டு அதில் தன் பழைய காட்டுச் சப்பாத்தைத் தலைகீழாக மாட்டினார். செடி கருகிக் கிடக்க, பக்கத்தில் சப்பாத்து கம்பீரமாக நின்றது. மண்டோர் சம்சாரம் மிளகாய் சுற்றிப் போடச் சொன்னார். போட்டோம். தும்மல்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து எனக்கு அம்மை போட்டுவிட்டது.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். சித்தி பிள்ளைத்தாச்சி, இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. அம்மா வேலைக்குப் போகவில்லை. அம்மை வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, மருந்து வாடை வரக் கூடாது, துணி அடித்துத் துவைக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா? நான் சன்னலோரப் பாயில் வேப்பிலையால் சொறிந்துகொண்டு வாசலையே பார்த்தபடி கிடந்தேன். அம்மா சாயங்காலம் குழாயில் ஒரு குவளை பிடித்துச் செடிக்கு ஊற்றுவார். அவ்வளவுதான் கவனிப்பு. என்ன ஆச்சரியம்! நாலாம் நாள் துளிர்த்தது. எட்டாம் நாள் இலை பளபளவென்று என் உள்ளங்கை நீளத்துக்கு வந்துவிட்டது.

லயமே கைகூப்பியது. "ஆத்தா எறங்கியிருக்கால்ல, அதான் துளிர்க்குது" என்றார்கள். சித்தியின் மாமியார் தூரத்திலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். எனக்குக்கூட ஒரு பெருமை, ஆத்தா என் மேல்தானே வந்திருக்கிறாள் என்று.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் அம்மா வேலைக்குப் போனார். மத்தியானம் வந்து அலசினார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன். மூன்றாம் நாள் அந்தப் பளபளத்த இலையில் மறுபடியும் காவிப் பொட்டு. ஒரு செடி அடியோடு போயே போய்விட்டது. "ஆத்தா மலையேறிட்டா" என்று மண்டோர் சம்சாரம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. பத்து நாள் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு கிடந்தவள் நான். ஆத்தா வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. வாளி வந்ததும் போனதும் தெரிந்தது. அதை யாரிடமாவது சொல்லப் பயமாக இருந்தது, ஊற்றினவளே நான்தானே? அதனால் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். மிச்சமிருந்த இரண்டு செடியில் இடது பக்கத்ததற்கு வாளித் தண்ணீர், வலது பக்கத்ததற்குக் குழாய்த் தண்ணீர். ஆறு நாள். ஏழாம் நாள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இடது பக்கம் காவி. வலது பக்கம் பச்சை.

அப்பா குந்தி உட்கார்ந்து பார்த்தார். வாளியைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். "அட கிறுக்குப் பயபுள்ளைங்களா!" என்று தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். எங்களைச் சொன்னாரா, லயத்தைச் சொன்னாரா, தெரியாது. "ஏய், இங்க வா! ஒன் கை இல்லடி. தண்ணி! மருந்துச் சட்டை அலசின தண்ணிய ஊத்திட்டு, கை மேல பழியப் போட்டுட்டோம்!"

அம்மா சோற்றுக் கரண்டியோடு வந்தார். அப்பா சொல்வதைக் கேட்டார். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்து, "என் கை இல்லல்ல? என் கை இல்லல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை. நான் கண்டுபிடித்தேன், நான் கண்டுபிடித்தேன் என்று மனசு துள்ளியது.

அழுது முடித்து முகத்தைத் துடைத்த பிறகு அம்மா ஒரு வார்த்தை கேட்டார். "ஏங்க, அலசின தண்ணிக்கே இலை இப்பிடிப் போகுதுன்னா..."

"அதான் கண்டுபிடிச்சாச்சே" என்றார் அப்பா. "இனிமே அந்தத் தண்ணிய ஊத்தாத. முடிஞ்சிச்சி."

அம்மா கரண்டியோடு உள்ளே போனார். அப்பா அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு லயம் லயமாகச் சொல்லக் கிளம்பிவிட்டார். பெண்டாட்டி மேலிருந்த பழி நீங்கிய சந்தோஷம் அவருக்கு. சொல்லச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஐயா மருந்துக் கொட்டகை வாசலில் நின்று சிரித்தார். மண்டோர் இருக்கிறாரே, அவருக்குப் பெருமையே தாங்கவில்லை. "பாத்தியா? அலசின தண்ணியே இந்தப் போடு போடுதுன்னா, மருந்து எவ்ளோ பவர்னு பாத்துக்க லா!" என்றார். அப்பாவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அடுத்த நாளே அப்பா ஒரு பழைய எண்ணெய்த் தோம்பைப் பாதியாக அறுத்து, மண் நிரப்பி, குழாயடிக்கு நேர் எதிராக, வீட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். ஒரு துளி தெறித்தாலும் படாத தூரம். அலசிய தண்ணீரைக் கால்வாயில் கொட்டச் சொல்லி எனக்கு உத்தரவு. அம்மா தன் கையாலேயே இரண்டு கிழங்கையும் பெயர்த்து அங்கே நட்டார். இந்த முறை பார்க்கக் கூட்டம். பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை அக்கா, ஏதோ வேலையாக வந்தவர் போல நின்று பார்த்தார்.

செடி எழும்பியது. என் முட்டி உயரம், இடுப்பு உயரம். தண்டு மேலே போகப் போக இலை குறைந்து, நூல் பிரிந்து, நுனியில் குண்டூசித் தலை மாதிரி மொட்டு வைத்தது. மொட்டு மொட்டாகவே நின்றது. சித்திக்கு ஏழாம் மாசம் பிறந்துவிட்டது. வளைகாப்புக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் தெங்கேராவுக்குப் போனார், வளையல் வாங்க. "இன்னும் பூக்கலையேம்மா" என்றேன். "பூக்கும். பூத்தப்புறம் ஓட முடியுமா?" என்றார். பச்சை, சிவப்பு, இடையிடையே பொன் புள்ளி வைத்த கண்ணாடி வளையல். கடைக்கார அக்கா எண்ணிக் கட்டும்போது அம்மாவின் கையைப் பார்த்து, "என்னக்கா கை இப்பிடி வெடிச்சிக் கெடக்கு? தேங்காண்ணெ தடவுங்க" என்றார். அம்மா முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டு, "தடவணும்" என்றார். பஸ் முழுக்க அந்தப் பொட்டலம் என் மடியில் இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது.

வளைகாப்புக்கு நாலு நாள் இருக்கும்போது மொட்டு நுனியில் ரோஸ் தெரிந்தது. நான் நேரே சித்தி வீட்டுக்கு ஓடி மாமியாரை இழுத்து வந்துவிட்டேன். வந்தது இரண்டரை மணிக்கு. செடி குச்சியாக நின்றது.

"எங்கடி பூ?"

"மூணு மணிக்குத் தொறக்கும்னு சீன அங்கிள் சொன்னாரு."

"மணி பாத்துத் தொறக்க இதென்ன ஆபிஸா?" என்று சொன்னாலும் போகவில்லை, முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். அம்மா தேநீர் கலந்து கொடுத்தார். வானம் வேறு மூடிக்கொண்டது. மேகம் மூடினால் திறக்குமா திறக்காதா என்று சீனரிடம் கேட்காமல் விட்டோமே என்று நான் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்று ஆனது. ஒன்றுமில்லை. அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார், கிளம்புவதற்குத்தான். அப்போது ஒன்று திறந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. நான் எண்ண ஆரம்பித்து, இருபதுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன்.

சித்தியின் மாமியார் எழுந்து செடியருகே போனார். ஒரு பூவைத் தொடாமல் பக்கத்தில் விரலை மட்டும் வைத்துப் பார்த்தார். திரும்பி அம்மாவைப் பார்த்ததும் அவர் உதடு கோணியது. "மனசுல வெச்சுக்காதம்மா. ரெண்டு பிள்ளை கண்ணு தொறக்காமலே போயிருச்சு. யாரச் சொல்றதுன்னு தெரியாம ஒன் கையச் சொல்லிட்டேன். நீயே போடு. நீ போட்டாத்தான் எம் மருமவளுக்கு நல்லது."

அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அந்த நெட்டைச் செடிக்குப் பக்கத்தில் நின்று அழுதார்கள். நான் குதித்தேன். அந்தச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா, "நீங்களே ஒடிச்சிக்கங்கக்கா" என்று கறிவேப்பிலை மரத்தைக் காட்டினார். அம்மா போய் ஒரே ஒரு கொத்து ஒடித்து வந்தார். எங்கள் வீட்டில் அன்றைக்கு ரசம் மணத்த மணம்!

சித்தி நல்லபடியாகப் பெற்றாள். பையன். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. செடியும் நாங்கள் தோட்டத்தைவிட்டு வரும்வரை நின்றது, விதை விழுந்து லயம் முழுக்கப் பரவியது. எல்லாரும் அம்மாவிடம் நாற்றுக் கேட்டு வாங்கிப் போனார்கள். கைராசிக்காரி என்று பெயரே மாறிவிட்டது. அந்தக் கைராசிக்காரி இன்னும் ஒன்பது வருஷம் மருந்து அடித்தார். அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் வரும், உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார். பிற்காலத்தில் நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. எதனால் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால், என் வயசுக்காரர்களே, ஒரு லயம் முழுக்கக் கூடி, இலைக்கு ஆகாத தண்ணீர் என்று கண்டுபிடித்து, செடியைத் தூக்கி எட்ட வைத்தோம். அந்தச் சட்டைக்குள் தினமும் நின்ற மனுஷியை எட்ட வைக்க யாருக்கும் தோன்றவில்லையே! அப்பாவுக்கும் டிரஸ்ஸருக்கும் தோன்றவில்லை என்று குறை சொல்ல எனக்கு வாய் வருகிறது. சொல்லிவிட்டு அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் வாய் அடைத்துப் போகிறது.

வளைகாப்புக்கு முந்தின சாயங்காலம். நானே மருதாணி பறித்து, புளி வைத்து, அம்மியில் அரைத்தேன். நாளைக்கு எல்லார் கண்ணும் அம்மாவின் கையில்தானே இருக்கும்? உள்ளங்கையில் வட்டம் வைத்தேன். விரல் நுனிக்குத் தொப்பி போட வரும்போதுதான் நகங்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். எல்லாம் மஞ்சளாகி, குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. வலது கையில் இரண்டு நகம் சதையைவிட்டுத் தூக்கி நின்றது. மருதாணி பட்டதும் அம்மா பல்லைக் கடித்தார்.

"எரியுதாம்மா?"

"கொஞ்சமா. நீ வையி."

"நாளைக்கு யாராச்சும் பாத்தா?"

அம்மா தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "மறைக்கிற மாதிரி வையி பாப்பா" என்றார்.

வைத்தேன். மறுநாள் கண்ணாடி வளையலை அம்மா சித்தியின் கையில் ஏற்றும்போது கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. மண்டோர் சம்சாரம் அம்மாவின் வலது கையைப் பிடித்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "பாருங்கடி, எப்பிடிச் செவந்திருக்கு! யாரு வெச்சா?"

"நான்தான்" என்றேன். யார் கண்ணுக்கும் நகம் தெரியவில்லை. அவ்வளவு கெட்டியாக அப்பியிருந்தேன்.